சில்லுக்குள் ஆடும் எடை: மெம்ஸ் உணரிகள் எப்படி வேலை செய்கின்றன?

போனைக் குறுக்காகத் திருப்பினால் திரையில் இருக்கும் படமும் சேர்ந்து திரும்புகிறது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தால் எத்தனை அடி நடந்தோம் என்று கணக்கு வைக்கிறது. கார் எதன்மீதாவது மோதினால், என்ன நடந்தது என்று நமக்கு உறைப்பதற்குள் காற்றுப்பை விரிந்துவிடுகிறது. இந்த மூன்று வேலைகளையும் செய்வது ஒரே வகைப் பொருள்தான்: சிலிக்கானில் செதுக்கிய, நிஜமாகவே அசைகிற ஒரு குட்டி இயந்திரம். இந்த வகை இயந்திரங்களுக்கு நுண் மின்னியந்திர அமைப்புகள் என்று பெயர். சுருக்கமாக மெம்ஸ்.

மின்னணுவியல் துறையில் சில பேராசிரியர்களிடம் என்ன ஆய்வு செய்கிறீர்கள் என்று கேட்டால் ‘மெம்ஸும் ஒருங்கிணைந்த சுற்றுகளும்’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். ஒன்று அசைகிற பொருள். இன்னொன்று அசையவே அசையாத டிரான்சிஸ்டர் கூட்டம். இயந்திரத்தை ஒருவரும் சுற்றை வேறொருவரும் பார்த்துக்கொள்ளலாமே, இரண்டையும் ஏன் ஒரே ஆள் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் இந்தத் துறையின் பாதி புரிந்த மாதிரி. மெம்ஸில் எத்தனையோ வகை உண்டு என்றாலும், இங்கே ஆக்சிலரோமீட்டர் எனும் முடுக்கமானியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பேருந்தில் திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் சாய்கிறார். அவர் எவ்வளவு சாய்ந்தார் என்பதை வைத்தே பிரேக் எவ்வளவு பலமாக விழுந்தது என்று சொல்லிவிடலாம். ஆக்சிலரோமீட்டருக்குள் இருக்கும் தத்துவம் இவ்வளவுதான். சாய்கிற ஆளின் இடத்தில் ஒரு சிலிக்கான் தகடு. அவரைப் பிடித்து நிறுத்தும் கால்களின் இடத்தில் மெல்லிய சிலிக்கான் ஸ்பிரிங்குகள். தகடு அடித்தளத்தைத் தொடாமல் ஓரிரு மைக்ரான் உயரத்தில் தொங்குகிறது (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). சில்லு நகரும்போது தகடு கொஞ்சம் பின்தங்குகிறது. எவ்வளவு பின்தங்கியது என்று அளந்தால் முடுக்கம் தெரிந்துவிடும்.

எவ்வளவு பின்தங்கும்? இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் மற்ற எல்லாச் சிக்கலும் இந்த எண்ணிலிருந்துதான் கிளம்புகிறது. ஸ்பிரிங்கில் தொங்கும் எந்த எடைக்கும் ஓர் இயல்பு அலைவெண் உண்டு. தட்டிவிட்டால் அந்த வேகத்தில்தான் ஆடும். எடையின் நிறையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. முடுக்கத்தை அந்த அலைவெண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் (இரண்டு பை என்ற காரணியையும் சேர்த்து வர்க்கப்படுத்த வேண்டும்) நகர்ச்சி கிடைத்துவிடும். நிறையைத் தனியாகக் கேட்கவே வேண்டாம்.

சரி, இயல்பு அலைவெண் 20 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு அளவு முடுக்கத்துக்கு, அதாவது 1 ஜி-க்கு, தகடு நகரும் தூரம் சுமார் 0.6 நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). சிலிக்கான் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டத்தின் பக்க நீளமே 0.54 நானோமீட்டர். போனைச் செங்குத்தாகப் பிடித்தால், அந்த மொத்தத் தகடும் ஏறக்குறைய ஒரு படிகக் கட்டத்தின் அளவுக்குத்தான் கீழே இறங்கும். அதைத்தான் அளக்க வேண்டும்.

ஸ்பிரிங்கை இளக்கினால் தகடு இன்னும் நகருமே என்று தோன்றும். நகரும். அலைவெண்ணை 5 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்தால் நகர்ச்சி பதினாறு மடங்கு கூடி 10 நானோமீட்டர் ஆகிவிடும். ஆனால் வேகமான அதிர்வுகளை அந்தத் தகடு பின்தொடராது. போன் கீழே விழுந்தால் பக்கத்துச் சுவரில் போய் மோதும். மோதி ஒட்டிக்கொண்டால், இளகிய ஸ்பிரிங்கால் அதைத் திரும்பப் பிய்த்து இழுக்கவும் முடியாது. காற்றுப்பைக்கான உணரியில் இந்த ஆபத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.

நகர்ச்சியை எப்படி அளப்பது? தகட்டின் இரு பக்கங்களிலும் சீப்புப் பற்கள் மாதிரி நீட்டல்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவே, நகராத பற்கள் அடித்தளத்தில் நட்டிருக்கும். அடுத்தடுத்து எதிரெதிரே நிற்கும் இரண்டு கடத்திகள் என்றால் அது ஒரு மின்தேக்கி. இடைவெளி குறைந்தால் மின்தேக்குதிறன் கூடும், இடைவெளி அகன்றால் குறையும். அனலாக் டிவைசஸ் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் காற்றுப்பைகளுக்காக விற்கத் தொடங்கிய ஏடிஎக்ஸ்எல்50 என்ற சில்லு இப்படித்தான் வேலை செய்தது. அதன் தகட்டின் நிறை ஒரு கிராமில் பத்து மில்லியனில் ஒரு பங்கு. பற்களுக்கிடையே 1.3 மைக்ரான் இடைவெளி. பற்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு பக்கத்துக்கு 0.1 பிக்கோஃபாரட்தான் தேறும் (மின்தேக்குதிறனின் அலகான ஃபாரட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோஃபாரட்).

இப்போது முந்தைய எண்ணை இதில் போடுங்கள். 1.3 மைக்ரான் இடைவெளியில் 0.6 நானோமீட்டர் மாறினால், 0.1 பிக்கோஃபாரட்டில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் மாறும். ஒரு வோல்ட் மின்னழுத்தம் கொடுத்திருந்தால், அந்த மாற்றத்தால் இடம்பெயரும் மின்னூட்டம் ஏறத்தாழ 300 எலக்ட்ரான்கள். சாதாரண மின்சுற்றில் 300 எலக்ட்ரான் வந்தாலும் போனாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே செய்தியே அவ்வளவுதான். அதிலும் நமக்கு வேண்டியது முழு 1 ஜி மட்டுமல்ல, அதில் நூறில், ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தெரிய வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஒருங்கிணைந்த சுற்று உள்ளே வருகிறது. என்னைக் கேட்டால், மெம்ஸின் நிஜமான கெட்டிக்காரத்தனம் இயந்திரத்தைவிட இந்தச் சுற்றில்தான் அதிகம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த பற்சக்கரப் படங்களைத்தான் எல்லோரும் வியந்து பார்க்கிறார்கள். பக்கத்தில் கிடக்கும் ஆம்ப்ளிஃபயரை யாரும் படம் எடுப்பதில்லை.

முதல் எதிரி கம்பி. சில்லிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் அதற்கென்று ஒரு மின்தேக்குதிறன் உண்டு. அது எளிதில் ஒரு பிக்கோஃபாரட்டைத் தாண்டும். உணரியின் மொத்த மின்தேக்குதிறனைப்போல அது பத்து மடங்கு. நம்முடைய 300 எலக்ட்ரானும் ஆம்ப்ளிஃபயரை எட்டுவதற்கு முன்பே இந்த வேண்டாத மின்தேக்கிகளில் பங்குபோய்விடும். ஆகவே ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இரண்டாவது எதிரி, அளக்க வேண்டியதைவிடப் பிரம்மாண்டமாக இருக்கும் அடிப்படை அளவு. இரண்டாயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தைப் பார்க்க, மாறாத 1999 பங்கையும் சேர்த்து அளப்பது வீண். அதனால் தகட்டின் ஒவ்வொரு பல்லுக்கும் இரு பக்கமும் நகராத பற்களை வைக்கிறார்கள். தகடு ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கத்து மின்தேக்கி கூடும், மறுபக்கத்து மின்தேக்கி அதே அளவு குறையும். இந்த இரண்டுக்கும், ஒன்றில் அழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும்படி, சதுர அலையைக் கொடுத்தால், தகடு நட்டநடுவில் இருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் ஆகிவிடும். தகடு விலகினால்தான் சமிக்ஞை எழும். வெப்பத்தால் இரண்டும் சேர்ந்து கூடினாலும் குறைந்தாலும் அதில் பெரும்பகுதி தானாகவே கழிந்துவிடும்.

மூன்றாவது எதிரி இரைச்சல். டிரான்சிஸ்டர்களுக்குக் குறைந்த அலைவெண்ணில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: அலைவெண் குறையக் குறைய அவற்றின் இரைச்சல் கூடும். நாம் அளக்க விரும்பும் அசைவுகளோ நடை, சாய்வு என்று விநாடிக்குச் சில முறை மட்டுமே மாறுபவை. சரியாக இரைச்சலின் வாய்க்குள் போய் உட்காருகிறோம். அந்தச் சதுர அலை ஏடிஎக்ஸ்எல்50-இல் 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது இதற்காகத்தான். மெதுவான அசைவு அந்த வேகமான அலையின் உயரத்தில் ஏறிப் பயணிக்கிறது. இரைச்சல் குறைவான அந்த உயர்ந்த அலைவெண்ணில் அதைப் பெருக்கிவிட்டு, அப்புறம் அதே அலையோடு ஒத்திசைத்துக் கீழே இறக்குகிறார்கள். இப்படியெல்லாம் செய்ததில், அந்தக் குடும்பத்துச் சில்லுகள் 0.02 நானோமீட்டர் நகர்ச்சியைக்கூடக் கண்டுபிடித்தன. ஓர் அணுவின் விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அது. ஒரு தனி அணுவை அப்படிப் பிடித்து நிறுத்தி அளக்க முடியாது. இங்கே அளப்பது எண்ணற்ற அணுக்கள் சேர்ந்த தகட்டின் சராசரி இருப்பிடம் என்பதால்தான் இது சாத்தியமாகிறது.

இதுவரை சுற்று இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. ஆனால் மின்னழுத்தம் கொடுத்தாலே இரண்டு தகடுகள் ஒன்றையொன்று இழுக்கும். அளக்கும் செயலே தகட்டை நகர்த்திவிடும் என்பது தலைவலி. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், சமதள மின்தேக்கியில் இடைவெளியின் மூன்றில் ஒரு பங்கு மூடியதும் ஸ்பிரிங் தோற்றுப்போய், தகடு திடீரென்று எதிர்ப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அதே விசையைச் சாதகமாகவும் திருப்பலாம். தகடு விலகப் பார்க்கும்போதெல்லாம் மின்விசையால் இழுத்து நடுவிலேயே நிறுத்திவைத்தால், நிறுத்துவதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது என்பதே அளவீடு. தகடு நகரவே நகராததால் ஸ்பிரிங்கின் குறைபாடுகள் அவ்வளவாக உள்ளே வராது. ஏடிஎக்ஸ்எல்50 இந்த முறையைத்தான் பின்பற்றியது. பின்னால் வந்த சில வடிவமைப்புகளில் இந்த விசையைச் சின்னச் சின்னத் துடிப்புகளாகக் கொடுத்து, எத்தனை துடிப்பு என்று எண்ணியே நேரடியாக டிஜிட்டல் விடை பெறுகிறார்கள். அங்கே தகடும் ஸ்பிரிங்கும் மின்சுற்றின் ஒரு வடிகட்டியாகவே ஆகிவிடுகின்றன. சுற்று எது, இயந்திரம் எது என்று கோடு கிழிக்க முடியாது.

சுற்றை எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும், இரைச்சல் அதற்குக் கீழே இறங்காத இன்னொரு தரைமட்டம் உண்டு. தகட்டைச் சுற்றியுள்ள வாயு மூலக்கூறுகள் அதை ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கின்றன. தகடு சிறிதாக ஆக ஆக அந்த இடிகள் அதைக் கூடுதலாகக் குலுக்கும். காற்றை உறிஞ்சி எடுத்தால் இடி குறையும். ஆனால் அப்போது அதிர்வைத் தணிக்க ஆளிருக்காது. ஒருமுறை தட்டினால் தகடு ஆடிக்கொண்டே கிடக்கும். ஆம்ப்ளிஃபயருக்கு எவ்வளவு மின்சாரம் செலவழிக்கலாம் என்ற முடிவும் இதோடு பிணைந்தது. மூலக்கூறு இடியைவிடப் பத்து மடங்கு அமைதியான ஆம்ப்ளிஃபயரைக் கட்டுவது பேட்டரிக்குத் தண்டச் செலவு. இரண்டு துறைகளும் ஒரே மண்டைக்குள் இருக்க வேண்டியதன் காரணம் இங்கே வெளிச்சமாகிறது: தகட்டின் பரப்பைக் கூட்டுவதா, சுற்றின் மின்செலவைக் கூட்டுவதா என்ற பேரத்தை இரண்டும் தெரிந்தவர்தான் பேச முடியும்.

இதையெல்லாம் எப்படிச் செய்கிறார்கள்? சிலிக்கான் நல்ல இயந்திரப் பொருள் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அதன் விறைப்பு எஃகுக்குக் கிட்டத்தட்ட வரும், அடர்த்தியோ எஃகில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சாதாரண வெப்பநிலையில் அது வளைந்தபடியே நின்றுவிடாது. ஒன்று பழைய நிலைக்குத் திரும்பும், இல்லாவிட்டால் உடையும். ஸ்பிரிங்குக்கு வேறென்ன வேண்டும்? 1960-களில் வெஸ்டிங்ஹவுஸில் ஹார்வி நேதன்சனும் சகாக்களும் அதிரும் உலோகத் தண்டு ஒன்றை டிரான்சிஸ்டரின் ‘கேட்’ ஆக, அதாவது அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையாக, வைத்துக் காட்டினார்கள். 1982-இல் ஐபிஎம்மில் இருந்த கர்ட் பீட்டர்சன், சிலிக்கானை மின்னணுப் பொருளாக மட்டும் பார்க்காதீர்கள் என்று விரிவான ஆய்வுக் கட்டுரை எழுதினார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ரோஜர் ஹோவும் ரிச்சர்ட் முல்லரும் பாலிசிலிக்கானில், அதாவது பல குட்டிப் படிகங்கள் சேர்ந்த சிலிக்கானில், தொங்கும் தண்டுகளைச் செய்ததும் அந்தக் காலத்தில்தான்.

அவர்கள் கையாண்ட வழி இதுதான். அடித்தளத்தின்மேல் சிலிக்கான் டைஆக்சைடு படலம் ஒன்றைப் பரப்பு. அதன்மேல் பாலிசிலிக்கானைப் படியவைத்து, தகடும் பற்களும் ஸ்பிரிங்குமாக வடிவம் வெட்டு. பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் போடு. அமிலம் ஆக்சைடைத் தின்னும், சிலிக்கானைத் தொடாது. அடியிலிருந்த படலம் கரைந்ததும் தகடு தொங்கலில் நிற்கும்.

கேட்க எளிது. கழுவிக் காயவைக்கும்போதுதான் கஷ்டம் தொடங்குகிறது. தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே மாட்டிய நீர் வற்றும்போது, அதன் மேற்பரப்பு இழுவிசை தகட்டைக் கீழே இழுத்துத் தளத்தோடு ஒட்டவைத்துவிடும். நம் அளவில் நீரின் இழுவை ஒரு பொருட்டே இல்லை. அளவைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிறது, பரப்பு நூறில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. சுருங்கச் சுருங்கப் பரப்பின் ராஜ்ஜியம்தான். இதிலிருந்து தப்பிக்க நீரை ஆல்கஹாலால் மாற்றி, அதைத் திரவக் கார்பன் டைஆக்சைடால் மாற்றி, 31 டிகிரி செல்சியஸுக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோகிறார்கள். அங்கே திரவம், வாயு என்ற பேதமே இல்லை. இழுக்க ஒரு நீர்மட்டம் இல்லாமல் போவதால் தகடு பிழைத்துக்கொள்கிறது. அதே சுருக்கத்தால் ஒரு லாபமும் உண்டு: எடை அவ்வளவு அற்பமானது என்பதால், போன் தரையில் விழுந்து கண்ணாடி நொறுங்கினாலும் உள்ளே தொங்கும் தகடு பெரும்பாலும் அலட்டிக்கொள்வதில்லை.

சுற்றையும் இயந்திரத்தையும் ஒரே சில்லில் வைக்கும்போது வெப்பம் குறுக்கே நிற்கிறது. பாலிசிலிக்கானைப் படியவைக்கவே 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அது சுருண்டு போகாமல் உள் இறுக்கத்தைத் தணிக்க 1000 டிகிரி வரைகூடப் போக வேண்டியிருக்கும். சுற்றின் அலுமினியக் கம்பிகளோ 450 டிகிரியைத் தாண்டினாலே பாழ். இயந்திரத்தை முதலில் செய்யலாமா, சுற்றையா, நடுவில் புகுத்தலாமா என்று ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு பாதையை முயன்றது. இன்று பல நிறுவனங்கள் இரண்டையும் தனித்தனியாகச் செய்து அடுக்கி ஒட்டுகின்றன. ஆழமாகவும் செங்குத்தாகவும் சிலிக்கானைக் குடையும் பிளாஸ்மா முறை ஒன்றை 1990-களில் பாஷ் நிறுவனம் கொண்டுவந்தது. அதனால் தகடுகளைத் தடிப்பாகச் செய்ய முடிந்தது, மின்தேக்குதிறன் கூடியது, கம்பியின் தொல்லையும் ஓரளவு பொறுக்கக்கூடியதாக ஆனது. ஒரே சில்லில்தான் வைத்தாக வேண்டும் என்ற பிடிவாதம் தளர்ந்தது.

சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப், மைக்ரோஃபோன், புரொஜெக்டருக்குள் இருக்கும் லட்சக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள் எல்லாம் இதே குடும்பம்தான். கைரோஸ்கோப்பில் தகட்டை வேண்டுமென்றே ஆட்டிவிட்டு, திரும்பும்போது எழும் கோரியாலிஸ் விசையால் அது பக்கவாட்டில் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறார்கள். அந்த விலகல் இன்னும் பல மடங்கு சிறிது. கடிகாரத் துடிப்புக்குக் குவார்ட்ஸுக்குப் பதிலாக அதிரும் சிலிக்கானை வைப்பதும் உண்டு. அதில் ஒரு வேடிக்கை நடந்தது. 2018-இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் எம்ஆர்ஐ கருவி நிறுவும்போது ஹீலியம் கசிய, அங்கிருந்த பல ஐபோன்கள் ஒட்டுமொத்தமாகப் படுத்துவிட்டன; மற்றவர்களின் ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெற்றிடத்தில் அதிர வேண்டிய மெம்ஸ் அலையியற்றியின் உறைக்குள் ஹீலியம் அணுக்கள் ஊடுருவியதே காரணம் என்று பிறகு தெரிந்தது. வாயு வெளியேறிய சில நாட்களில் பெரும்பாலான போன்கள் தாமாகவே எழுந்துகொண்டன.

இவ்வளவு நுட்பமாக அளக்க முடிந்தும், ஜிபிஎஸ் எட்டாத சுரங்கப்பாதையில் ஆக்சிலரோமீட்டரை மட்டும் நம்பி வழி சொல்ல போனால் முடிவதில்லை. ஒவ்வொரு கணத்தின் முடுக்கத்தையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டே வந்தால் வேகம், அந்த வேகத்தை அதேபோல் கூட்டிக்கொண்டே வந்தால் தூரம். பிழையும் கூடவே கூட்டப்படும். உணரி சும்மா இருக்கும்போதே 1 ஜி-யில் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறாகக் காட்டுகிறது என்று வையுங்கள். ஒரு நிமிடத்தில் தூரக் கணக்கில் சுமார் 18 மீட்டர் பிழை. பத்து நிமிடத்தில் அது ஒன்றே முக்கால் கிலோமீட்டர். அந்தச் சிறு பிழை சும்மாவும் இருப்பதில்லை: சூடு ஏறினால் மாறும், உறையின் பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சி உப்பினால் மாறும், பலகையில் சாலிடர் வைத்த இறுக்கத்தால்கூட மாறும். உணரி தன் பிழையைத் தானே அவ்வப்போது சோதித்துத் திருத்திக்கொள்ளும் சுற்றுகளையும், உறையின் இறுக்கம் தகட்டை எட்டாதபடி நங்கூரம் போடும் வடிவங்களையும் ஆய்வகங்களில் இப்போது முயன்றுகொண்டிருக்கிறார்கள்.